ரிசர்விஸ்ட் போகிறவருக்குச் சம்பளம் கிடைக்கிறது, சரி; ஷிஃப்ட்டும் மதிப்பீடும் என்ன ஆகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் என்னைப் போன்ற மேற்பார்வையாளர்களின் மேசைக்கு இரண்டு வேலைகள் சேர்ந்தே வரும். ஒன்று அடுத்த ஆண்டுக்கான ஷிஃப்ட் பட்டியல். இன்னொன்று, இந்த ஆண்டு யார் எப்படி வேலை செய்தார் என்று மதிப்பெண் போடும் படிவம். சிங்கப்பூரின் ஜூரோங், துவாஸ் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளில் பல காலமாக இருக்கிறேன். நானும் தேசிய சேவை செய்து, அதன் பிறகு முகாமுக்கு அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சிச் சுற்று முழுவதையும் முடித்தவன்தான். இந்த இரண்டு தாள்களிலும் முகாமுக்குப் போய்வரும் பிள்ளைகள் எப்படி அடிபடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சம்பள விஷயத்தில் நம் நாடு நன்றாகவே செய்திருக்கிறது. 1967இல் கட்டாய தேசிய சேவை வந்ததிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சீருடை போட்டிருக்கிறார்கள். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள் முடிந்த பிறகும் பத்து ஆண்டுப் பயிற்சிச் சுற்று இருக்கிறது, ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம், சாதாரணப் படைவீரருக்கு 40 வயது வரையும் அதிகாரிகளுக்கு 50 வயது வரையும் கடமை தொடர்கிறது. அழைப்பு வந்தால் முதலாளி விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும், தேசிய சேவையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது, அது சட்டம். ஆண்டு விடுப்பிலிருந்து கழிக்கவும் முடியாது. முகாமில் இருக்கும் நாள்களுக்கு வேலையில் கிடைத்திருக்க வேண்டிய வருமானத்தைத் தற்காப்பு அமைச்சு ஈடுகட்டுகிறது. முன்பெல்லாம் இந்த மேக்கப் பே வாங்க நாமோ கம்பெனியோ விண்ணப்பம் போட வேண்டும், சம்பளச் சீட்டைத் தேட வேண்டும், மனிதவளப் பிரிவில் ஒருவர் விடுப்பில் போய்விட்டால் அது அப்படியே கிடக்கும். 2023இலிருந்து அரசாங்கத்திடம் இருக்கும் வருமானத் தகவலை வைத்தே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை இல்லாதவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் மாதம் 1,600 வெள்ளி என்ற அடிப்படையில் கிடைக்கிறது. இது பெரிய நிம்மதி.

ஆனால் சம்பளம் சரியாகிவிட்டதால் முதலாளியின் பங்கு முடிந்துவிட்டது என்று பல இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சிக்கல். சம்பளத்தைக் கொடுப்பது அரசாங்கம். அந்தப் பிள்ளை எந்த நிலையில் முகாமுக்குள் நுழைகிறான், உள்ளே இருக்கும்போது யார் அவனை நச்சரிக்கிறார்கள், திரும்பி வந்தால் என்ன காத்திருக்கிறது, இதெல்லாம் முதலாளி கையில் இருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் ஒரு தம்பி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், அவனுக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முகாமில் இருக்க வேண்டும் என்று அழைப்பாணை. பட்டியலில் அவன் பெயர் ஞாயிறு இரவு ஷிஃப்ட்டில். அந்த ஷிஃப்ட் முடிவது காலை ஏழு மணிக்கு. மனிதவளப் பிரிவில் கேட்டால், “பயிற்சி திங்கட்கிழமைதானே தொடங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை நாள்தானே” என்றார்கள். தாளில் பார்த்தால் சரிதான். அந்தத் தம்பி இரவு முழுவதும் பத்து மீட்டர் உயர ரேக்கில் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு, லாக்கர் அறையிலேயே முகம் கழுவி, பாதுகாப்புக் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு பூட்ஸ் மாட்டி, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்து ஓடினான். அன்று மதியம் ஆர்ம்ஸ்கோட் என்ற ஆயுத அறையில் கையெழுத்துப் போட்டு சார் 21 துப்பாக்கியை வாங்க வேண்டும், அடுத்த நாள் சுடும் பயிற்சி. தூங்காத கண்ணோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக்கூடாது என்று நாங்கள் மாதாமாதம் பாதுகாப்புக் கூட்டத்தில் சொல்கிறோம், அதே ஆளைத் தூங்கவிடாமல் துப்பாக்கி பிடிக்க அனுப்புகிறோம்.

முடியும் நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை வெளியே விடுவதற்கு முன் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து, அதிகாரி வெள்ளைத் துணியில் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், பொருள்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரிசர்விஸ்ட் போனவர்களுக்கு அது தெரியும். அன்றிரவே பத்து மணி ஷிஃப்ட்டுக்கு வரச் சொல்வது எந்த வகையில் நியாயம்? முகாமுக்கு முந்தைய இரவும் முடிந்த இரவும் ஷிஃப்ட் கிடையாது என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும். இப்போது நான் பட்டியல் போடும் இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அதனால் இதற்காகக் கூடுதல் ஆள் எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை, இரண்டு பேரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுகிறது.

அடுத்தது கைப்பேசி. அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் மோசம். “முகாமில்தானே இருக்கிறாய், இரவு ஒரு நிமிஷம் அந்தக் கோப்பைப் பார்த்துவிடேன்” என்று வாட்ஸ்அப் வரும். முகாமில் பல இடங்களில் கேமரா உள்ள கைப்பேசியைக் கொண்டுபோகவே முடியாது, காட்டுக்குள் பயிற்சி என்றால் மழையில் நனைந்து கிடக்கும் நேரத்தில் யார் பதில் சொல்வது? பதில் வரவில்லை என்று இங்கே ஒருவர் முகம் சுளிப்பார். மாலையில் வீடு திரும்பும் வகைப் பயிற்சியாக இருந்தால் இன்னும் கஷ்டம், பகலில் முகாம், இரவில் மடிக்கணினி என்று இரண்டு வேலைகள். அவன் அங்கே சும்மா நேரம் போக்கவில்லை. அவன் பிரிவில் ஏழு பேர் இருந்தால் ஏழு பேரும் அவனை நம்பித்தான் ஓடுகிறார்கள். அவன் விடுப்பில் இருக்கிறான் என்ற எண்ணம் முதலில் போக வேண்டும். மனைவியோடு பாலி போனவரைக்கூட “தொந்தரவு செய்யாதீர்கள்” என்று மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் வைக்க விடுகிறோம், முகாமுக்குப் போனவரை மட்டும் துரத்துகிறோம்.

தள்ளிவைக்கச் சொல்லும் நெருக்கடி இன்னொன்று. “இந்த முறை ஒத்திப்போட விண்ணப்பம் போடு, நான் கடிதம் தருகிறேன்” என்று மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனால் மறுக்க முடியுமா? உண்மையிலேயே தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அமைச்சு பரிசீலிக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆண்டுக் கடைசி சரக்குக் கணக்கு, திருவிழாக் கால ஆர்டர் என்று தள்ளிக்கொண்டே போனால் அவனுடைய பத்து ஆண்டுச் சுற்றுதான் நீளும். கூட்டாளிகள் எல்லாம் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள், இவன் முப்பத்தைந்து வயதில் தெரியாத முகங்களோடு ஏதோ ஒரு பிரிவில் போய் நிற்பான். முதலாளிக்கு அது ஒரு காலாண்டுக் கணக்கு, இவனுக்கு வாழ்க்கையில் சில ஆண்டுகள்.

இப்போது மதிப்பீட்டுப் படிவத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். ஒரு விற்பனைப் பிரதிநிதிக்கு ஆண்டு இலக்கு என்று ஒன்று இருக்கிறது. அவர் மூன்று வாரம் முகாமில் இருந்தார், உடற்தகுதித் தேர்வு, அது இது என்று இன்னும் சில நாள்கள். இலக்கை யாராவது குறைத்தார்களா? இல்லை. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு உள்ள இலக்கை நாற்பத்தெட்டு வாரத்தில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ‘இலக்கை எட்டவில்லை’ என்ற பெட்டியில் குறி விழும், போனஸ் குறையும். கிடங்கிலும் அதே கதைதான், ‘ஆண்டு முழுதும் விடுப்பே எடுக்காதவர்’ என்று ஒரு வருகை ஊக்கத்தொகை இருக்கும், அதில் ரிசர்விஸ்ட் நாளையும் வராத நாளாக எண்ணிவிடும் இடங்கள் இருக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்றே நினைக்கிறேன். கணினியில் வராத நாள் என்றால் வராத நாள், அவ்வளவுதான், போய் அந்தக் குறியீட்டை மாற்ற ஒருவரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் மேக்கப் பே இந்தப் பணத்தைத் திருப்பித் தராது. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனால் அதற்கு எங்கே போய் ஈடு கேட்பது?

அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே ராணுவச் சேவைக்குப் போய்த் திரும்புகிறவருக்குப் பழைய நாற்காலியை மட்டும் கொடுத்தால் போதாது. அவர் போகாமல் இங்கேயே தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் எந்தப் படியில் இருந்திருப்பாரோ அந்தப் படியில் வைக்க வேண்டும். எஸ்கலேட்டர் கோட்பாடு என்றே அதைச் சொல்கிறார்கள். அங்கே தனியார் முதலாளி அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, அந்த வகையில் நாம் அவர்களைவிட முன்னே இருக்கிறோம். ஆனால் பதவி, ஊதிய உயர்வு விஷயத்தில் அவர்கள் எழுதிவைத்திருப்பது போல நம் நிறுவனங்களும் தங்கள் கையேட்டில் எழுதிவைக்கலாம். இலக்கைச் சேவை நாள்களுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிட வேண்டும், வருகை ஊக்கத்தொகையில் அந்த நாள்கள் வேலை நாள்களாகவே எண்ணப்பட வேண்டும். இதற்கு இரண்டு வரி போதும்.

சிறு முதலாளிகளை நான் மறக்கவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் நான்கு பேரோடு கடை நடத்துபவரிடம் போய், பெரிய வங்கி செய்வதை நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. நான்கு பேரில் ஒருவர் மூன்று வாரம் இல்லை என்றால் கடைக்காரரே காலை ஆறு மணிக்குக் கதவு திறந்து இரவு பத்துக்கு மூட வேண்டியதுதான். போனவரின் சம்பளம் திரும்ப வந்துவிடும், சரி, ஆனால் மூன்று வாரத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர் கூடுதலாகக் கேட்பார், அவருக்கு வேலை கற்றுத்தர ஒரு வாரம் போய்விடும். பிரிட்டனில் ரிசர்வ் வீரர் பணிக்கு அழைக்கப்பட்டால், மாற்று ஆள் வைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவை அவருடைய முதலாளி அரசாங்கத்திடம் கோரலாம். சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் அதற்கு மேல் ஒரு வீரருக்கு மாதம் 500 பவுண்டு வரை கிடைக்கும். அங்கே அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும், இங்கே சில வாரங்கள், அது வேறு இது வேறு என்பது தெரியும். ஆனாலும் பத்துப் பேருக்குக் கீழே உள்ள கடைகளுக்கு இது போல ஏதாவது செய்தால், ‘என்எஸ் (தேசிய சேவை) முடித்தவரா, இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி?’ என்று நேர்காணலில் கேட்கத் தோன்றும் எண்ணம் குறையும். அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே கேட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் முதல் வேலைக்குப் போகும் இளைஞனுக்கு, நாட்டுக்காகச் செய்த சேவை ஒரு குறையாகத் தெரிந்தால் அது வேதனையான விஷயம்.

பணம் இல்லாமலே செய்யக்கூடியதும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சிறு அச்சகத்தில், காப்பி கலக்கும் இடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. யார் எந்த மாதம் முகாமுக்குப் போகிறார் என்று ஜனவரியிலேயே எழுதிவிடுவார்கள். போவதற்கு முந்தைய வாரம் அவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், எந்த வாடிக்கையாளருக்கு எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, எந்த இயந்திரம் மழைக்காலத்தில் தாளைச் சிக்க வைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று. அந்தத் தாள் இருப்பதால் முகாமுக்கு ஃபோன் அடிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. திரும்பி வந்த முதல் நாள் காலை அவருக்கு வேறு வேலை கிடையாது, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நேரம் அது. முதலாளி அம்மா தேசிய சேவை செய்தவர் இல்லை. மகன் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடித்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை அவனைப் படகுத்துறையில் விட்டுவிட்டு வருவாராம், அப்போதிருந்து இப்படி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இவர்களைப் பற்றிப் பேசாமல் முடித்தால் சரியாக இருக்காது. சிங்கப்பூரர் முகாமுக்குப் போனால் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? எங்கள் கிடங்கில் பெரும்பாலும் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள். “அண்ணே, நீங்களும் துப்பாக்கியெல்லாம் சுடுவீங்களா?” என்று முதல் முறை ஆச்சரியமாகக் கேட்பார்கள், அப்புறம் அந்த மூன்று வாரமும் முகம் சுளிக்காமல் கூடுதல் நேரம் நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கு ஓவர்டைம் ஒன்றரை மடங்கு முறையாகப் போக வேண்டும், மாதத்துக்கு 72 மணி நேரம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அந்த வரம்பு இரண்டாவது வாரமே நெருங்கிவிடும். நாட்டுச் சேவையைக் காரணம் சொல்லி வெளிநாட்டு ஊழியரின் ஓய்வு நாளைப் பறிப்பது முகாமுக்குப் போனவருக்கும் பெருமை இல்லை. பகிர்ந்து போடுங்கள், முன்கூட்டியே கேளுங்கள், பணத்தைச் சரியாகக் கொடுங்கள்.

உடற்தகுதித் தேர்வைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றே அங்கம். அதில் தேறாதவர் என்எஸ் ஃபிட் பயிற்சிக்கு மாலை நேரங்களில் போக வேண்டும். அந்த மாலைகளில் அவரை ஐந்தரை மணிக்கு விட்டால் போதும், ஆறு மணிக்குக் கூட்டம் வைக்காமல் இருந்தால் போதும்.

முதலாளி என்று ஒருவரே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுபவர் முகாமில் இருக்கும் மூன்று வாரமும் வண்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் நிற்கும், வாடகை மட்டும் ஓடும். வருமான ஈடு அவருக்கும் உண்டு. ஆனால் அந்த நாள்களுக்கு வாடகையைத் தள்ளுபடி செய்வது வண்டி கொடுக்கும் நிறுவனத்தின் மனத்தைப் பொறுத்தது. உணவு விநியோகம் செய்பவருக்கோ தொடர்ந்து ஓடினால்தான் ஊக்கத்தொகை, இடையில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த நிறுவனங்களையும் முதலாளிகள் வரிசையில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, என்எஸ் மார்க் என்ற அங்கீகாரத் திட்டத்தைப் பற்றி. 2016இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் தேசிய சேவைக்கு ஆதரவு தரும் நிறுவனங்களுக்குச் சான்று கொடுக்கிறார்கள், தங்க நிலையும் உண்டு. நல்ல திட்டம், வாங்கிய பல நிறுவனங்கள் தகுதியோடுதான் வாங்கியிருக்கின்றன. முழுமைத் தற்காப்பு தினத்தன்று ஊழியர்களைக் கூட்டிப் பேசுவது, தேசிய சேவையாளருக்குப் பரிசுக் கூடை தருவது எல்லாம் நடக்கட்டும். என் கோரிக்கை, அந்தச் சான்றைக் கொடுக்கும் முன்னும் புதுப்பிக்கும் முன்னும் அந்த நிறுவனத்தில் ரிசர்விஸ்ட் போய்வருபவர்களிடமே கேட்க வேண்டும், பெயர் வெளியே வராமல். நேராக மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: முகாமுக்கு முந்தைய இரவு வேலை செய்தீர்களா, முகாமில் இருக்கும்போது வேலைக்காக அழைத்தார்களா, உங்கள் ஆண்டு இலக்கைக் குறைத்துக் கணக்கிட்டார்களா? முகாம் முடிகிற நாளன்று படைவீரர்களிடம் எப்படியும் கருத்துக் கேட்கிறார்கள், சாப்பாடு எப்படி, தங்குமிடம் எப்படி என்று. அதோடு இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் எந்த நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்று தற்காப்பு அமைச்சுக்குத் தெரிந்துவிடும்.

இதைச் செய்ய முடியுமா, ஏற்கெனவே செய்கிறார்களா என்று தற்காப்பு அமைச்சிடம் கேட்டு அந்தப் பதிலை நீங்கள் வாசகர் பகுதியில் வெளியிட்டால், பட்டியல் போடுகிற என் போன்றவர்களுக்கும் அதில் பெயர் இருக்கிறவர்களுக்கும் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஜூரோங் வெஸ்ட்